இருபது வருஷத்துக் கேரியர்

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவன். ஒரு பெட்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாதவன் யார் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். அவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்பவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். வெளியே ஒன்றுமே இருக்காது, வெறும் செம்பனை மரங்கள். அல்லது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என்னைப் பார்த்துச் சிரிப்பான். உண்மையாகத் தூங்குகிறவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். பொய்த் தூக்கக்காரன் வாயை மூடியிருப்பான். இப்படிப் பார்த்துப் பார்த்தே, யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பாத ஆளாகிவிட்டேன். என் மனைவி என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். அவள் மட்டும் என்னவாம்? எனக்காவது அது உத்தியோகம். அவளுக்கு அது பொழுதுபோக்கு.

எங்கள் இருவரின் சந்தேகமும், அதைவிட அதிகமாக என் ஒருவனுடைய வாய்மூடித்தனமும் சேர்ந்து, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் ஈரல் இதில் இரண்டாம் பட்சம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் ரயில் எஞ்சினில் வேலை பார்த்த ஒரு நண்பனும் ஓர் அறையில் தங்கியிருந்தோம். அடுத்த சந்தில், செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து இறந்துபோன ஒருவரின் மனைவி, எங்களைப் போன்ற தனியாட்களுக்குச் சமைத்துக் கேரியரில் அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கேரியர் அக்கா என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். நான்கு அடுக்கு அலுமினியக் கேரியர். அடியில் சோறு, அதன்மேல் குழம்பு, பிறகு ஒரு பொரியல், உச்சியில் ரசம். புதன்கிழமையானால் நெத்திலிச் சம்பால். அந்த நாளில் மட்டும் எங்கள் அறைக்கு விருந்தாளிகள் வருவார்கள்.

கல்யாணமான பிறகு நான் கிள்ளானுக்குக் குடிபோனேன். மனைவிக்கு அம்மா வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் வேலை கோலாலம்பூரில்தான். காலையில் ரயில், மாலையில் ரயில். மதியச் சாப்பாடு மட்டும் அதே அக்காவின் கேரியரில் ஸ்டேஷனுக்கு வரும். கல்யாணமான முதல் வாரத்தில், மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே, “கேரியர் அக்கா வைக்கிற மாதிரி இல்லையே” என்று சொல்லிவிட்டேன். நாக்கில் சனி. அன்றிலிருந்து அந்தக் கேரியரை என் மனைவி ஒரு சக்களத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒரு நாளும் அதில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஸ்டேஷன் மண்டபத்தில் ரத்த தானம் நடந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானம் என்று ஒன்று செய்தேன். ஒரு கிளாஸ் மைலோ பானமும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து மலாய் மொழியில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் ரத்தத்தை ஏற்றுக்கொள்ள முடியவில்லை, மேல் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று எழுதியிருந்தது. கொடுத்த தானத்தைத் திருப்பித் தள்ளிய மாதிரி எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் மனைவி கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். “நல்ல ரத்தத்தை ஏன் வேணாங்கிறாங்க?” என்று கேட்டாள். கேட்ட விதத்தில், நான் ரத்தத்தில் ஏதோ தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டேன் என்பதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, “சாக்கிட் ஹாத்தி?” என்று சிரித்தாள். மலாயில் ஈரலும் ஹாத்திதான், மனசும் ஹாத்திதான். ஈரல் நோயா, மனத்தாங்கலா என்று இரண்டுமாகக் கேட்கிற கேள்வி அது. இரண்டும்தான் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், விலாவில் ஊசியை விட்டு ஈரலில் ஒரு துணுக்கை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து, ஒரு சீன டாக்டரம்மாவின் முன்னால் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். அவர் வேகமாக ஆங்கிலத்தில் பேசினார். ஹெபடைடிஸ் சி என்ற கிருமி ஈரலில் குடியிருக்கிறது. சத்தம் போடாமல் பல வருஷமாக இருந்து ஈரலைத் தழும்பாக்கிக்கொண்டு வருகிறது. சாப்பாட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவாது. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பரவும். அப்புறம் என்னைக் காட்டி, நான் ஒரு ‘கேரியர்’ என்றார். எப்படியும் ‘டுவென்ட்டி இயர்ஸ்’ இருக்கும் என்றார்.

என் மனைவி தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். மலாய் நன்றாகப் பேசுவாள். ஆங்கிலத்தில் அங்கங்கே ஒரு வார்த்தை பிடிபடும். அன்றைக்கு அவளுக்குப் பிடிபட்டவை அந்த இரண்டும்தான். கேரியர். இருபது வருஷம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பொய்த் தூக்கக்காரனை எழுப்புவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை அது.

டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆபரேஷன் நடந்திருக்கிறதா? இல்லை. ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? இல்லை. போதை ஊசி? ஐயையோ இல்லை. பச்சை குத்தியிருக்கிறீர்களா?

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டு, என் இடது சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். மேல்கையில் பச்சை மையில் ‘ச’ என்று ஒற்றை எழுத்து. “டாக்டர், தட் ஒன் சாமி நேம் லா” என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாமி பெயராக இருந்தாலும் ஊசி ஊசிதான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். அது என் மனைவிக்குப் பிடிபடவில்லை. எனக்கு முதுகு வியர்த்துவிட்டது.

ஏனென்றால் அது சாமி பெயர் இல்லை.

கேரியர் அக்காவுக்கு ஒரு தங்கை இருந்தாள். சமையலில் கூடமாட உதவி செய்ய வந்து தங்கியிருந்தாள். காலிக் கேரியரைத் திருப்பிக் கொடுக்கப் போகிற சாக்கில் அவளைப் பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். அவ்வளவுதான், ஒரு முழு வாக்கியம்கூடப் பேசியதில்லை. அந்த மயக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் அறை நண்பனும் சாலாக் செலாத்தானுக்குப் போனோம். ஒரு கடையின் பின்கட்டில் சீனக் கிழவர் ஒருவர் குச்சியில் ஊசிகளைக் கட்டி வைத்துக்கொண்டு பச்சை குத்துவார். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். அந்த நான்கு பேருக்கும், பிறகு என் நண்பனுக்கும், கடைசியில் எனக்கும் ஒரே குச்சி, ஒரே மைக் கிண்ணம். நண்பன் தேள் ஒன்றைக் குத்திக்கொண்டான். நான் அவள் பெயரின் முதல் எழுத்தைக் குத்திக்கொண்டேன்.

மறுநாள் கை கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. கேரியர் அக்காதான் மஞ்சளை அரைத்துச் சூடாகப் பற்றுப் போட்டார். “யாரு பேரு தம்பி இது?” என்று கேட்டார். சரவணபவ என்பதில் முதல் எழுத்து என்றேன். “நல்ல சரவணன்” என்று சிரித்தார். மூன்று மாதத்தில் தங்கையைத் தைப்பிங்கில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. கேரியர் மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

மனைவிக்கும் அதே சரவணபவ கதையைத்தான் சொன்னேன். அவள் நம்பினாள். சும்மா நம்பவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்த எழுத்தின் மேல் திருநீறு பூசித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். என் நண்பன் எண்பதுகளில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்துப்போனான். குடித்தே கெட்டான் என்றார்கள். அவன் குடித்தான்தான், ஆனால் சாகிற அளவுக்கு இல்லை. டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவனுடைய தேள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ரயில் சுபாங் ஸ்டேஷனைத் தாண்டியது. பிறகு ஆரம்பித்தாள்.

“நான் அப்பவே சொன்னேன் லா. கேட்டீங்களா?”

“என்னத்தச் சொன்ன?”

“அந்தக் கேரியரு. டாக்டரே சொல்லிட்டாங்களே, இருவது வருஷமா கேரியர்லதான் வந்திருக்குன்னு. சீனத்திக்கே தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியல. என்னத்தப் போட்டு ஆக்குறாளோ, எந்தத் தண்ணில கழுவுறாளோ!”

முதலில் சிரிப்பு வந்தது. கேரியர் என்றால் கிருமியைச் சுமக்கிற ஆள், சோற்றுக் கேரியர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் யோசித்தேன். சாப்பாட்டில் இல்லை என்றால் எதில் என்று அடுத்த கேள்வி வரும். ஊசியில் என்றால் எந்த ஊசி என்று வரும். எங்கே, எப்போது, யாரோடு போனீர்கள், சாமி பெயரைக் குத்தக் கோயிலுக்குப் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லையா என்று வரும். அவளிடம் குறுக்கு விசாரணையில் நான் தேறினதே இல்லை.

“டாக்டர் வேற என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“ஊசி போடணுமாம்” என்றேன். பிறகு வெளியே பார்த்தேன்.

மறுநாளே என் கேரியர் நின்றது. பிளாஸ்டிக் டப்பாவில் அவளே சோறு கட்டிக் கொடுத்தாள். அவளையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. நான் நிம்மதியில் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளோ, “இருக்குமா பின்ன? நான்தான் அந்தக் கேரியர்ல ஒரு பருக்கை தொட்டதில்லையே” என்றாள். ஒரு போலீஸ்காரர்கூட இவ்வளவு கச்சிதமாக வழக்கை முடித்திருக்க மாட்டார்.

இந்த விஷயத்தை அவள் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில், இன்னொரு ரயில்வே வீட்டம்மாவிடம் காதும் காதும் வைத்த மாதிரி சொன்னாள். அந்த அம்மாவின் அக்கா வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். இரண்டு வாரத்தில், கேரியர் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் ஈரல் நோய் வருகிறது, ரயில்வே ஆள் ஒருவர் படுத்த படுக்கை என்று பேச்சு கிளம்பிவிட்டது. படுத்த படுக்கையாக இருந்த அந்த ஆளாகிய நான் தினமும் சீருடை போட்டுக்கொண்டு ஸ்டேஷனில்தான் நின்றிருந்தேன். யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, சுகாதார அதிகாரிகள் இரண்டு பேர் வந்து அக்காவின் அடுப்படியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனதே பெரிய செய்தியாகிவிட்டது.

என் ஊசி வைத்தியம் தொடங்கியது. இன்டர்பெரான் என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் போட்ட தெர்மாஸில் மருந்தை எடுத்துக்கொண்டு வந்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று ஊசி, ஆறு மாதம். ஊசி போட ஒரு நர்ஸ் என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் குத்திக் குத்திப் பழகினாள். நர்ஸ் மலாயில் எச்சரித்தது ரேஸரையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் பற்றித்தான். என் மனைவி தன் பங்குக்குத் தட்டையும் கிளாஸையும் சேர்த்துக்கொண்டாள். என் தட்டின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தாள். அப்படியும் அந்த ஆறு மாதத்தில் ஒரு ஊசியைக்கூட அவள் தவறவிட்டதில்லை. தொடை, வயிறு, மேல்கை என்று இடம் மாற்றி மாற்றிப் போடுவாள். இடது கை முறை வந்தால் அந்த எழுத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் குத்துவாள். “சாமி எழுத்துல ஊசி படக்கூடாது” என்பாள். எனக்கு ஊசி வலித்ததில்லை. அதுதான் வலித்தது.

ஊசி போட்ட மூன்று மணி நேரத்தில் குளிர் எடுக்கும். இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்குவேன். மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். தலைமுடி சீப்போடு வரும். கோபம் வரலாம், மனம் சோர்ந்து போகலாம், ஆட்கள்மேல் சந்தேகம்கூட வரலாம், அப்படி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்குச் சந்தேகம் வருவதில் புதிதாக என்ன இருக்கிறது? ஆனாலும் அது வேறு மாதிரிதான் இருந்தது. கேன்டீனில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். பயணிகள் டிக்கெட்டை நீட்டும்போது என் விரல் படாமல் நீட்டுவதாகத் தோன்றும். அதில் எது மருந்து, எது நான் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் மாதத்தில் கேரியர் அக்கா ஸ்டேஷனுக்கு வந்தார். சீருடையில் நான் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“நீ படுத்துட்டேன்னாங்களே தம்பி.”

“இல்லக்கா, ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“முப்பது கேரியர் போய்க்கிட்டு இருந்துச்சு. இப்ப ஒம்பது. என் சோத்துல சீக்கு இருக்குதாம்.” புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நீ ஒரு வார்த்த சொல்லு தம்பி. உனக்கு வந்தது என் சோத்துலேருந்து இல்லன்னு. நீ சொன்னா நம்புவாங்க.”

சாப்பாட்டால் பரவாது என்று எனக்குத் தெரியும். என் காதால் கேட்டிருக்கிறேன். நாலு வார்த்தை, சொல்லிவிட்டால் முடிந்தது.

“டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா” என்றேன்.

அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, “சரி தம்பி, உடம்ப பாத்துக்க” என்று போய்விட்டார். நான் கோழை. சுற்றி வளைக்காமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். டிக்கெட் இல்லாத எத்தனையோ பேரை அபராதச் சீட்டு எழுதி அவமானப்படுத்தியிருக்கிறேன். என்னை யாரும் பிடிக்கவில்லை என்பதால் நான் பாட்டுக்குப் பயணம் போய்க்கொண்டிருந்தேன்.

நான்காம் மாதத்தில் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு காகிதம். ஓய்வறை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதை நீட்டினார்.

“நீ படிச்சவன். என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு.”

அது அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு. என் சீட்டில் இருந்த அதே சோதனை. கிருமி இல்லை என்று மலாயில் இருந்தது. சொன்னேன்.

“நர்ஸும் அதத்தான் சொன்னிச்சு. இருந்தாலும் உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு” என்றார். “ஊரெல்லாம் என்னால உனக்கு வந்துச்சுங்குது. எனக்கு என்ன பயம் தெரியுமா? இருவது வருஷமா உன் எச்சி கேரியர கழுவுனவ நான். உன்னால எனக்கு வந்திருக்குமோன்னு. ராத்திரில தூக்கம் இல்ல தம்பி.”

நான் அந்தக் கோணத்தில் ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை. என் சோற்றுக் கேரியரை யார் கழுவுகிறார்கள் என்பதே எனக்கு நினைவில் இல்லை.

“எச்சியில எல்லாம் ஒட்டாதுக்கா.”

“அப்ப உனக்குத் தெரியும்.” அவர் குரல் உயரவில்லை. “நர்ஸு எங்கிட்ட என்னென்னமோ கேட்டுச்சு. ஆபரேஷனு பண்ணீங்களா, ரத்தம் ஏத்துனாங்களான்னு. அப்புறம் பச்சை குத்தியிருக்கீங்களான்னு கேட்டுச்சு. ஏன் மிஸ்ஸின்னு அந்த நர்ஸையே கேட்டேன். ஊசி சுத்தமில்லன்னா அதுல வரும்னு சொன்னிச்சு. எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்துச்சு. மஞ்சப்பத்து போட்டவ நான்தானே?”

நான் இடது சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“அது எந்த சரவணன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் உன் வீட்டுக்காரிகிட்ட போய்ச் சொல்லியிருக்கலாம். என் பொழப்பு திரும்பி வந்திருக்கும். ஆனா என் தங்கச்சி மக கல்யாணத்த முடிச்சு மரியாதையா இருக்கா. அவ பேர இழுத்துப்போட்டு நான் சோறு விக்கணுமா?” எழுந்துகொண்டார். “நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லுறதும் சொல்லாததும் உன் இஷ்டம்.”

சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். ஓய்வறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் பெஞ்சை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. யாரைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்கள் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஊசி நாள். இடது கை முறை. என் மனைவி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு, பஞ்சால் துடைத்து, எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“கும்பிடாத. அது சாமி இல்ல.”

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. சாலாக் செலாத்தான், குச்சி, மைக் கிண்ணம், தேள், தங்கை எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. ஒரே ஒரு இடத்தில் குறுக்கிட்டாள்.

“டாக்டர் கேரியர்ன்னாங்களே?”

“கேரியர்னா சீக்கைச் சுமக்கிற ஆளு. அது நான்தான். சோத்துக் கேரியர் இல்ல.”

“அது உங்களுக்கு அன்னிக்கே தெரியும்.”

“தெரியும்.”

சுவர்ப் பல்லி இரண்டு தடவை கத்தியது. கடைசியில், “அப்ப நான் சந்தேகப்பட்டதுல தப்பில்ல” என்றாள். “அந்த வீட்டுலேருந்துதான் வந்திருக்கு. சோத்துல வரல, அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு ஊசியை எடுத்தாள். இரண்டு விரல் தள்ளி எல்லாம் இல்லை. அந்த எழுத்தின் நட்டநடுவில் குத்தி, மருந்து முழுவதையும் நிதானமாக இறக்கினாள்.

“நாளைக்கு லீவு போடுங்க” என்றாள்.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினோம். அவள் யார் யாரிடம் சொன்னாளோ, அவர்கள் யார் யாரிடம் சொன்னார்களோ, அத்தனை வீட்டுக்கும் என்னை அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று, “இவர் ஒரு விஷயம் சொல்லணுமாம்” என்று சொல்லிவிட்டு, பெரிய கைப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றுகொள்வாள். நான் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டிச் சொல்வேன். எழுத்து யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. அதில் என் மனைவியே கறாராக இருந்தாள். “சின்ன வயசுல அசுத்தமான ஊசியில பச்சை குத்திக்கிட்டேன், அதுல வந்தது. அக்கா சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல” என்பேன். கேட்டவர்கள் என் கையைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அரையடி பின்னால் போவார்கள். பச்சை ஊசிதானா, இல்லை வேறு ஊசியா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

கடைசியாகக் கேரியர் அக்கா வீடு. என் மனைவி கைப்பையைத் திறந்து, திருப்பிக் கொடுக்காமல் வீட்டிலேயே கிடந்த என் பழைய கேரியரை வெளியே எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். அதை வாசற்படியில் வைத்து, “நாளையிலேருந்து இவருக்கு அனுப்புங்கக்கா” என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. என் வாயிலும்தான் வரவில்லை. அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். “வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னார்.

வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். மீதிப் பேர் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நான் இன்றைக்கும் யோசிக்கிறேன், ரயிலில் வந்த அன்றே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த முப்பது முப்பதாகவே இருந்திருக்கும். ஆறு மாத ஊசி முடிந்தபோது என் ஈரல் அளவுகள் எல்லாம் இறங்கிவிட்டன. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டில் என் தட்டின் சிவப்புப் பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அது நோய்க்கா, சரவணனுக்கா என்று நான் கேட்டதில்லை.

ஸ்டேஷனுக்குக் கேரியர் மறுபடி வர ஆரம்பித்ததும் நான் முதலில் செய்த காரியம், ஒவ்வோர் அடுக்கையும் கவிழ்த்து அடையாளம் தேடியது. பொட்டோ, கீறலோ, நூலோ ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தனியாக வைத்து, தனிச் சோப்புப் போட்டுக் கழுவுவார், முகத்துக்காகச் சொல்லாமல் இருக்கிறார் என்று தோன்றியது. அதற்கு மருந்தையும் குறை சொல்ல முடியாது, மருந்து முடிந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, பாத்திரம் கழுவுகிற நேரம் பார்த்து, அவர் வீட்டுப் பின்சந்தில் போய் நின்றேன்.

சாக்கடை ஓரத்தில் ஒரு பெரிய அலுமினிய அண்டா. எல்லாக் கேரியர் அடுக்குகளும் ஒரே நுரையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அக்கா குந்தி உட்கார்ந்து, வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எது என்னுடையது என்று தேடினேன். இருபது வருஷம் அதில் சாப்பிட்டவன். எனக்குத் தெரியவில்லை.

அவர் தலையைத் தூக்கினார்.

“என்ன தம்பி, செக்கிங்கா?”

நான் சாக்கடைத் தண்ணீர் ஓடுவதை ரொம்பவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.